சாதாவா, ஸ்பீடா?

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம். அதான் மூணு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்ட முடியல. (யாரும் தேடலைன்னு தெரியும். இருந்தாலும் சொல்லி வைக்கிறது ஒரு மரியாதை.)

கார் வாங்கின கதை ஒண்ணு ரொம்ப நாளா பாக்கி. வண்டி வாங்கினது 2024 பிப்ரவரியில. ஆனா கதை முடிஞ்சது என்னவோ அந்த வருஷம் அக்டோபர்லதான், அப்பா ஊருக்குக் கிளம்பின அன்னைக்கு. கார் விமர்சனம்னு நினைச்சு வந்தவங்களுக்கும் கொஞ்சம் சரக்கு இருக்கு. பொறுமையா படிங்க.

முதல்ல பழைய வண்டி. 2009 கேம்ரி. ரெண்டு லட்சம் மைலுக்குப் பக்கத்துல ஓடியிருந்துச்சு. ஒரு நாள் கூட நடுரோட்டுல நின்னதில்ல. ஆனா பெயிண்ட் உரிஞ்சு, பின்னாடி பம்பர்ல டேப் ஒட்டி, பாக்க அம்மை போட்ட மாதிரி இருக்கும். பையன் ஒன்பதாவது போனதும் ஆரம்பிச்சான். "அப்பா, ஸ்கூல் வாசல் வரைக்கும் வராதீங்க, முந்தின தெருவுலயே இறக்கி விட்டுடுங்க." நான் சிரிச்சுக்கிட்டேதான் இறக்கி விட்டேன். ஆனா அன்னைக்கு ராத்திரி கம்ப்யூட்டர்ல உக்காந்து தேட ஆரம்பிச்சது "சொகுசு கார், ஹைப்ரிட், நாலு கதவு". மனுஷ மனசு.

தங்கமணி தடுக்கல. ஒரே ஒரு கண்டிஷன் போட்டாங்க. "இத்தனை வருஷம் பொட்டி தட்டினதுக்கு ஒரு நல்ல வண்டி வாங்கிக்கங்க. ஆனா மாசத் தவணையோட நிக்காது. பெட்ரோல், இன்ஷூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் சேத்து ஒரு தாள்ல எழுதிக் காட்டணும். காலேஜ் ஃபீஸ் நாலே வருஷத்துல வருது." அந்த மாசம்தான் எங்க டீம்ல ரெண்டு பேரைக் கூப்பிட்டு டப்பாவைக் கையில குடுத்து அனுப்பியிருந்தாங்க. அவங்க கேட்டதுல தப்பே இல்ல.

புதுசு வேணாம், மூணு வருஷம் ஓடினது போதும்னு முடிவு பண்ணி நாலு வண்டி பாத்தேன்.

பிஎம்டபிள்யூ 530இ. ஓட்டிப் பாத்துட்டு ரெண்டு நாள் தூக்கம் வரல, அவ்ளோ அருமை. ஆனா அது பிளக் போடற ஹைப்ரிட். சார்ஜ் போட்டா 20 மைல் சொச்சம் பேட்டரியிலயே போகும், அப்புறம் பெட்ரோல். நாங்க இருக்கிறது எடிசன்ல வரிசை வீடு. வண்டி நிக்கிற இடத்துல பிளக் பாயிண்ட் கிடையாது. சார்ஜ் போட வழியில்லாம அந்த வண்டியை வாங்கறது, கட்டுச்சோத்தை அவுக்காமலே சுமந்துக்கிட்டுப் போய் ஓட்டல்ல சாப்பிடற மாதிரி. அந்த ஓட்டல் சாப்பாடும் பிரீமியம் பெட்ரோல்தான்.

லிங்கன் எம்கேஇசட் ஹைப்ரிட். 2020ல உற்பத்தியையே நிறுத்திட்டாங்க, அதனால விலை சல்லிசு. சாதா பெட்ரோலே போதும். உள்ள நல்ல அமைதி. டிக்கியைத் திறந்தேன். பாதி இடத்தைப் பேட்டரி புடிச்சிருக்கு. ஊர்ல இருந்து வர்றவங்க ஆளுக்கு ரெண்டு 23 கிலோ பொட்டியோட வந்து இறங்குவாங்க, அதுல ஒரு பொட்டி முழுக்க மொளகாப்பொடியும் முறுக்கும்தான். அதுக்கெல்லாம் இது ஆகாது.

லெக்ஸஸ் எல்எஸ் 500எச். பாத்தேன். விலையைப் பாத்தேன். வெளியில வந்துட்டேன்.

கடைசியில லெக்ஸஸ் ஈஎஸ் 300எச், 2021 மாடல். 2.5 லிட்டர் நாலு சிலிண்டர் இஞ்சினும் மின்மோட்டாரும் சேந்து 215 குதிரை. ஒரு காலனுக்கு 44 மைல்னு அரசாங்கக் கணக்கு. 2018 வரைக்கும் வந்த மாடல்ல இதுலயும் பேட்டரி பின்சீட்டுக்குப் பின்னாடி இருந்து டிக்கியைத் தின்னுச்சு. 2019ல இருந்து சீட்டுக்கு அடியில போயிடுச்சு. தங்கமணி ஒரு ரவுண்டு சுத்திப் பாத்துட்டு, "நம்ம கேம்ரிக்குப் பட்டுப்புடவை கட்டி விட்ட மாதிரி இருக்கு"ன்னாங்க. உள்ள இருக்கற எலும்புக்கூடு ஏறக்குறைய அந்தக் குடும்பம்தான், அதனால அந்தக் கமெண்டுல உண்மை இருக்கு. எனக்கு அதுவே பிடிச்சுது. நின்னு போகாத ஜாதகம்.

விற்பனையாளர் சாவியைக் குடுக்கும்போது சொன்னார். "சார், லக்ஷரி வண்டி. பிரீமியம் போட்டா இஞ்சின் ஆயுசு கூடும்." நான் டேஷ்போர்டுல இருந்த கையேட்டை எடுத்துப் பிரிச்சேன். 87 அல்லது அதுக்கு மேலன்னு தெளிவா போட்டிருக்கு. காட்டினேன். "அது குறைஞ்சபட்சம் சார்"னு சிரிச்சார். நானும் சிரிச்சேன்.

சிரிச்சுட்டு என்ன பண்ணேன் தெரியுமா? முதல் ரெண்டு டேங்கும் பிரீமியம்தான் போட்டேன்!

இதுக்கு நியூ ஜெர்சியும் ஒரு காரணம். அமெரிக்காவுலயே நாமளா இறங்கி பெட்ரோல் போட்டுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கிற ஒரே மாநிலம் இதான். 1949ல இருந்து இருக்கு. ஓரிகன்லயும் ரொம்ப காலம் இருந்துச்சு, 2023ல விட்டுட்டாங்க. இங்க ஊர் மாதிரியே ஆள் வந்து நிப்பார். கண்ணாடியை இறக்கி வாயால சொல்லணும். அந்த வண்டிக்குள்ள உக்காந்துக்கிட்டு, ஒரு கையை ஸ்டியரிங்ல வச்சுக்கிட்டு, "பிரீமியம்"னு சொல்லும்போது ஒரு கெத்து வருது பாருங்க... காலனுக்கு 90 சென்ட் அந்தக் கெத்துக்கு. மூணாவது டேங்க்லதான் புத்தி வந்துச்சு. மாசக் கணக்குத் தாள் ஃபிரிட்ஜ்ல காந்தம் போட்டு ஒட்டியிருக்கே.

இப்ப அப்பா.

ஏப்ரல்ல வந்தார். நேவார்க் ஏர்போர்ட்ல வண்டியைப் பாத்ததும் ஒண்ணும் சொல்லல. பானட்டுல லேசா உள்ளங்கையை வச்சு எடுத்தார், மாட்டைத் தடவற மாதிரி. பொட்டி நாலும் உள்ள போச்சு. (ரெண்டு டிக்கியில, ரெண்டு பின்சீட்ல. உண்மையைச் சொல்லிடணும்.) மறுநாள் "கேஸ் போட்டுட்டு வரலாம் வாங்கப்பா"ன்னு கூப்பிட்டேன். "சிலிண்டர் எங்கல?"ன்னார். அதுக்குச் சிரிச்சு முடிக்கறதுக்குள்ள பங்க் வந்துடுச்சு. வழக்கமா நிக்கிற சர்தார்ஜி வந்தார். "ரெகுலர், ஃபுல்"னேன்.

"ஏல, என்ன போடச் சொன்ன?"

"ரெகுலர்ப்பா. நம்ம ஊரு சாதா."

"இம்புட்டு பெரிய வண்டிக்கு சாதாவா? ஸ்பீடு இல்லியா இங்க?"

"இருக்குப்பா. இந்த வண்டிக்குத் தேவையில்ல."

"ரூவாயில்லன்னா சொல்லு, நான் தாரேன்."

வீடு வர்ற வரைக்கும் பேசல. ஜன்னல் பக்கமே பாத்துக்கிட்டு வந்தார்.

இந்த இடத்துல கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும். எங்கப்பா பெட்ரோல் பங்க் ஆளு. 1972ல இருபது வயசுல பம்ப்புப் பையனா சேந்து, 2012ல வேற ஒரு பங்குல மேனேஜரா ரிட்டயர் ஆனார். எங்க வீட்ல சட்டை, துண்டு, தலையணை எல்லாம் பெட்ரோல் வாசனை. சின்ன வயசுல அதுதான் அப்பா வாசனைன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். லீவு நாள்ல கூடப் போவேன். ஸ்கூட்டருக்கு டூ-டி ஆயிலை அளந்து ஊத்தி, வண்டியை ரெண்டு ஆட்டு ஆட்டிக் கலக்கி விடறது, "சார் ஜீரோ பாத்துக்கோங்க"ன்னு சொல்லாம பிடியை அமுக்காதது, காலையில டேங்குக்குள்ள நீளக் குச்சியை விட்டு இருப்பு பாத்து ரிஜிஸ்தர்ல எழுதறது... அவர் கையெழுத்து அந்த ரிஜிஸ்தர்ல மட்டும் முத்து முத்தா இருக்கும். அதுல வந்த காசுலதான் நான் பாளையங்கோட்டையில படிச்சேன், சென்னைக்கு வந்தேன், இங்க வந்தேன். அந்த ஆளுக்கு நான் பெட்ரோலைப் பத்திப் பாடம் எடுக்கணும்!

எடுத்தேன். சாயங்காலம் டீயைக் குடுத்துட்டு ஆரம்பிச்சேன்.

ஆக்டேன்ங்கிறது சக்தியோட அளவு இல்ல. சுத்தத்தோட அளவும் இல்ல. சிலிண்டருக்குள்ள பெட்ரோலும் காத்தும் கலந்து அமுக்கப்படும்போது, பிளக் வச்ச தீ பரவி வந்து சேர்றதுக்கு முன்னாடியே தானா பத்திக்காம எவ்ளோ அழுத்தம் தாங்கும்ங்கிறதுதான் அது. தானா பத்திக்கிட்டா டொக்கு டொக்குனு சத்தம் வரும், அதுதான் நாக்கிங். டர்போ வச்ச இஞ்சின், ரொம்ப அமுக்கற இஞ்சினுக்கெல்லாம் ஆக்டேன் அதிகம் வேணும். எல்எஸ் 500எச்சும் அந்த 530இயும் பிரீமியம் கேக்கறது அதனாலதான். இப்போ இருக்கிற வண்டியில நாக்கிங் வந்தா சென்சார் கண்டுபுடிச்சு பொறி வைக்கிற நேரத்தைத் தள்ளி வச்சுடும், கொஞ்சம் இழுவை குறையும். அதனால "பிரீமியம் போட்டா நல்லது"ன்னு போட்டிருக்கிற வண்டியில சாதா போட்டாலும் ஓடும். "பிரீமியம் போட்டே ஆகணும்"னு போட்டிருந்தா விளையாடக் கூடாது. இந்த ரெண்டு வாக்கியத்துக்கும் இடையில இருக்கிற வித்தியாசத்தை, வண்டி வாங்கறதுக்கு முன்னாடியே பெட்ரோல் மூடியைத் திறந்தும் கையேட்டைப் பிரிச்சும் பாத்துக்கணும். வாங்கினப்புறம் பாத்துப் பிரயோஜனம் இல்ல. வருஷா வருஷம் கட்டற காசு அது.

"செரி, உன் வண்டி எவ்ளோ அமுக்கும்?" அப்பா கேட்டார். பங்க் ஆளு பாருங்க, சரியான கேள்வி.

14க்கு 1. ரொம்ப ரொம்ப அதிகம். அப்ப பிரீமியம்தானே கேக்கணும்? இங்கதான் ஹைப்ரிட்டோட சூட்சுமம். ஜேம்ஸ் அட்கின்சன்னு ஒரு இங்கிலாந்துக்காரர் 1880கள்ல யோசிச்ச சமாச்சாரம். இப்போ அதைச் செய்யற வழி, பிஸ்டன் மேல ஏற ஆரம்பிச்சப்புறமும் காத்து வர்ற வால்வை உடனே மூடாம லேட்டா மூடறது. உள்ள வந்ததுல கொஞ்சம் திரும்ப வெளிய போயிடும். அதனால நிஜமா அமுக்கப்படறது அந்த 14ஐ விட ரொம்பக் குறைவு. ஆனா வெடிச்சப்புறம் விரியறது மட்டும் முழு நீளத்துக்கு. அமுக்கறது கம்மி, விரியறது ஜாஸ்தி, அதனால சூட்டுல வீணாப் போறது குறையுது. இஞ்சினோட பலம் கொஞ்சம் குறையும், அந்தக் குறையை மின்மோட்டார் சரிகட்டிடும். இதனால இது சாதா பெட்ரோலுக்குன்னே செஞ்ச இஞ்சின். அதுக்குப் பிரீமியம் ஊத்தினா கூடுதல் ஆக்டேனை வச்சு அது ஒண்ணும் பண்ணப் போறதில்ல.

எல்லாத்தையும் கேட்டுட்டு, "புக்கை எடு"ன்னார்.

எடுத்துக் குடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு விரலை வச்சுத் தேடினார். திடீர்னு நிமிந்தார். "ஏல, 91னு போட்டிருக்கான்! பங்குல என்ன இருந்துச்சு? 87, 89, 93. 87 பத்தாது. 93 போடணும். மூதி, இங்கிலீஷ் படிச்சவன்தான் நீயி!"

தங்கமணி சமையல் ரூம்ல இருந்து எட்டிப் பாத்து, "மாமா சொல்றது சரியா இருக்கே?"ன்னாங்க. உள்குத்து.

எனக்கே ஒரு நிமிஷம் ஆடிப் போச்சு. அப்புறம் முழு வரியையும் படிச்சேன். 87ன்னு போட்டு, பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள ரிசர்ச் ஆக்டேன் 91. விஷயம் என்னன்னா, ஆக்டேனை அளக்க ரெண்டு முறை இருக்கு. ஒண்ணு ரிசர்ச், ஆர்ஓஎன். இன்னொண்ணு மோட்டார், எம்ஓஎன், அது இன்னும் கடுமையான சோதனை, அதுல நம்பர் குறைச்சலா வரும். இந்தியாவுல பம்புல சொல்றது ரிசர்ச் நம்பர். அமெரிக்காவுல ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்து எழுதுவாங்க. அதனால ஊர்ல 91ன்னா இங்க ஏறக்குறைய 87. அப்பா ரிட்டயர் ஆகற சமயத்துல "சாதா"ன்னு ஊத்தின அதே 91தான் இது. ஊர்ல இருந்து புதுசா வந்து இறங்கறவங்க நிறைய பேர் இந்த இடத்துல ஏமாறுவாங்க, பாத்து மக்களே.

அப்பா ஒத்துக்கல. "கணக்கு பாப்பம்"னார்.

மே கடைசியில ஆரம்பிச்சது. மூணு டேங்க் பிரீமியம், மூணு டேங்க் சாதா. ஒரு நாற்பது பக்க நோட்டு. கோடு போட்டு, தேதி, ஓடின மைல், ஊத்தின காலன், விலை, கையெழுத்து. ஒவ்வொரு தடவையும் பம்ப் முதல் தடவை டக்குனு நின்னதும் நிறுத்திடணும், அதுக்கு மேல சொட்டு கூடாது. சர்தார்ஜி கிட்ட அப்பா கையாலயே சைகை காட்டிப் புரிய வச்சுட்டார். அவருக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. பங்க் பாஷை தெரியும். மூணாவது தடவை போனப்போ ரெண்டு பேரும் பம்ப் பக்கத்துல நின்னு குழாய் மூக்கைக் காட்டி ஏதோ பேசிக்கிட்டிருக்காங்க. எனக்குப் பின்னாடி வண்டி ஹார்ன் அடிக்குது.

ஆகஸ்ட் கடைசியில கூட்டிப் பாத்தார். பிரீமியம்: காலனுக்கு 42.6 மைல். சாதா: 42.9. அவரே லிட்டருக்குக் கிலோமீட்டரா மாத்திப் பாத்தார். ரெண்டும் 18 சொச்சம்தான். அந்தப் புள்ளிக்கு அப்புறம் வர்ற வித்தியாசம் 287ல அன்னைக்கு எவ்ளோ டிராஃபிக்ங்கிறதைப் பொறுத்தது, ஏசியைப் பொறுத்தது. பெட்ரோலைப் பொறுத்தது இல்ல. ஆறு டேங்க் வச்சு ஆராய்ச்சின்னு சொல்லிக்கக் கூடாதுதான். ஆனா அமெரிக்கக் கார் ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2016ல ஆய்வுக்கூடத்துலயே சோதிச்சுப் பாத்துட்டு இதைத்தான் சொன்னாங்க: சாதாவுக்குச் செஞ்ச வண்டிக்குப் பிரீமியம் போட்டு ஒரு லாபமும் இல்ல. தேவையில்லாமப் பிரீமியம் போட்டு அமெரிக்கக்காரங்க ஒரு வருஷத்துல வீணாக்கின காசு 210 கோடி டாலர்னும் அப்ப கணக்கு சொன்னாங்க. அதுல என்னோட ரெண்டு டேங்க் மாதிரி எத்தனை கெத்து டேங்க் இருக்கோ.

வருஷத்துக்கு 12,000 மைலுக்கு எவ்ளோ மிச்சம்னு அப்பா கடைசிப் பக்கத்துல போட்டார். 250 டாலர் சொச்சம். ரூவாயா மாத்தினார். இருபத்தோராயிரத்துச் சொச்சம்.

"நான் ரிட்டயர் ஆகும்போது ரெண்டு மாசச் சம்பளம்"னார். நோட்டை மூடினார்.

விஷயம் அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன். முடியல. அன்னைக்கு ராத்திரி பின்னாடி படியில உக்காந்திருந்தோம். அவராத்தான் ஆரம்பிச்சார்.

முதல்ல வேலை பாத்த பங்கைப் பத்தி. அங்க 1988 வரைக்கும் இருந்தார். ஏன் விட்டாருன்னு எங்க வீட்ல யாருக்கும் தெரியாது, "முதலாளிக்கும் எனக்கும் ஒத்து வரல"ன்னு மட்டும் சொல்லுவார். அந்த முதலாளி ராத்திரி நேரத்துல டேங்குல மண்ணெண்ணெய் கலப்பாராம். பம்ப்புப் பசங்க எல்லாருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. காலையில வழக்கம் போல "ஜீரோ பாத்துக்கோங்க". ஜீரோ சுத்தமா இருக்கும். உள்ள வர்றதுதான் சுத்தமில்ல.

அப்போ ஒரு அம்பாசடர் டாக்சிக்காரர். அப்பாவோட ஒரே தெரு. வேற பங்குக்கே போக மாட்டார், "நீ இருக்கிற இடம்ல"ன்னு இங்கதான் வருவார். வண்டி இடிக்க ஆரம்பிச்சுது. ஏத்தத்துல இழுக்கல, பிளக் மாத்தினார், பாயிண்ட் மாத்தினார், புகை. கடைசியில இஞ்சினையே பிரிச்சு வேலை பாத்தார், கடன் வாங்கி. அப்பவும் இங்கதான் வந்து போட்டுக்கிட்டுப் போனார். அப்பாதான் கையால ஊத்தினார்.

"ஒருக்கா கேட்டாம்ல. 'ஏ, பெட்ரோல் நல்லாத்தான இருக்கு?'ன்னு. நான் 'நல்லாருக்கு'ன்னுட்டேன்."

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. பக்கத்து வீட்ல யாரோ குப்பைத் தொட்டியை உருட்டிக்கிட்டுப் போற சத்தம் மட்டும்.

"அடுத்த மாசம் நின்னுட்டேன். அவங்கிட்ட சொல்லல. சொல்லிருக்கணும். செத்துப் போயிட்டான், பத்து வருசம் ஆச்சு."

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. நாலு மாசமா நான் அவருக்கு ஆக்டேனை விளக்கிக்கிட்டிருக்கேன். அவர் கேட்டது ஆக்டேன் இல்ல. அவரோட உலகத்துல ஸ்பீடுன்னா தனி டேங்க். விலை அதிகம், அதுல கை வைக்க யோசிப்பாங்க. நல்ல பெட்ரோல்ங்கிறதுக்கு அவர் கையில இருந்த ஒரே அடையாளம் அந்த விலைதான். பையன் ஆசைப்பட்டு வாங்கின வண்டிக்குள்ள என்ன போகுதுன்னு அவருக்குத் தெரியணும். அவ்வளவுதான்.

"இங்க எப்படிக் கண்டுபுடிப்பாவ?"ன்னார். ஊர்லன்னா வழி இருக்கு. பங்குல கேட்டா ஃபில்டர் பேப்பர் குடுத்தாகணும். ஒரு சொட்டு விட்டு ரெண்டு நிமிஷம் காத்திருந்தா கறையில்லாம ஆவியாப் போகணும், கறை நின்னா கலப்படம். அளவுல சந்தேகம்னா அஞ்சு லிட்டர் கேன் இருக்கு. "என் பங்குல எவன் கேட்டாலும் மூஞ்சியைச் சுளிக்காம எடுத்துக் குடுப்பேன்"னார். ரெண்டாவது பங்கைத்தான் "என் பங்கு"ம்பார் எப்பவும்.

மறுநாள் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டினேன். பம்ப் மேல ஒட்டியிருக்கிற எடை அளவுத் துறை ஸ்டிக்கர். அப்புறம் டாப் டியர்ங்கிற முத்திரை. 2004ல பிஎம்டபிள்யூ, ஜிஎம், ஹோண்டா, டொயோட்டா நாலு கம்பெனியும் சேந்து ஆரம்பிச்சது. இஞ்சினுக்குள்ள கரி படியாம இருக்கப் பெட்ரோல்ல கலக்கிற சுத்தப்படுத்தி, அரசாங்கம் சொல்ற குறைஞ்சபட்ச அளவு பத்தாதுன்னு அவங்களா ஒரு தரம் வச்சாங்க. அந்த முத்திரை வாங்கின கம்பெனி தன்னோட எல்லா வகை பெட்ரோல்லயும் அதைக் கலக்கணும். பிரீமியத்துல மட்டும் இல்ல, சாதாவுலயும். ஏஏஏ 2016ல சோதிச்சப்போ, முத்திரை இல்லாத பெட்ரோல்ல ஓடின இஞ்சின்ல சராசரியா 19 மடங்கு கரி அதிகம் படிஞ்சிருந்துச்சு. ஆக, வண்டிக்கு நல்லது பண்ணணும்னா 90 சென்ட் கூடக் குடுத்து நம்பரை ஏத்தறது இல்ல, பங்கைப் பாத்துத் தேர்ந்தெடுக்கறதுதான். சர்தார்ஜி பங்குல அந்த முத்திரை இருந்துச்சு. நாலு மாசமா அங்கதான் போட்டுக்கிட்டிருக்கோம், ஒரு நாளும் நான் அதை அவருக்குக் காட்டல.

அப்பா முத்திரையைக் கிட்டப் போய்ப் பாத்தார். ஸ்டிக்கரை நகத்தால சுரண்டிப் பாத்தார், ஒட்டுப் போட்டதான்னு. "இதை மொதல்லயே சொல்லக் கூடாதாக்கும்?"னார்.

இப்போ ஊர்ல வேற பிரச்சினை. பங்குல எல்லாம் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துடுச்சு. 2030க்குன்னு வச்ச இலக்கை 2025லயே எட்டிட்டாங்க. இங்க சாதாரணமாக் கிடைக்கிறதுல 10 சதவீதம். மச்சானோட பழைய வண்டி அதுக்குன்னு செஞ்சது இல்ல, ரப்பர் ஓஸெல்லாம் தாங்குமான்னு ஃபோன்ல அப்பாகிட்ட கேக்கறான். அப்பா அவனுக்குச் சொன்ன பதில், "புக்கை எடு." நான் ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டிருந்தேன்.

2024 அக்டோபர். ஃப்ளைட் சாயங்காலம். ஏர்போர்ட் போற வழியில டேங்க் கால்வாசிக்குக் கீழ. பங்குக்குள்ள திருப்பினேன். நான் கண்ணாடியை இறக்கறதுக்கு முன்னாடியே அப்பா அவர் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிட்டார்.

"ரெகுலர். ஃபுல்லு."

சர்தார்ஜி தலையாட்டிட்டுக் குழாயை எடுத்தார். அப்பா கதவைத் திறந்து இறங்கி, வேட்டியைச் சரி பண்ணிக்கிட்டு, பம்ப் முன்னாடி போய் நின்னார். சர்தார்ஜி குழாயை வண்டியில சொருகிட்டு, பிடியை அமுக்காம, அப்பா முகத்தையே பாத்துக்கிட்டு நின்னார். அப்பா மீட்டரைப் பாத்தார். தலையை ஆட்டினார். அப்புறம்தான் அமுக்கினார்.